கொட்டிலுக்குள் இருந்த உன் பை

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று அம்மா பின்வளவுக் கொட்டிலைத் துப்புரவாக்கச் சொன்னா. ஒரு மூலை ஒழுகுது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தா, நான் இரவு வேலை முடிந்து வந்து படுத்து எழும்புவதற்குள் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, இங்கத்தைக் குளிர்காலம் உனக்குத் தெரியாததா. பெயின்ட் வாளிகளுக்குப் பின்னால் உன் கறுப்புப் பை இருந்தது. திறந்தால் பந்தடிச் சப்பாத்து இரண்டும் அப்படியே கிடக்கின்றன, அடியில் மண் காய்ந்து கல்லாகிவிட்டது. பக்கப் பைக்குள் ஒரு தேக்கரண்டி. உனக்கு ஞாபகமோ தெரியாது, அது நான் அம்மாவுக்குத் தெரியாமல் குசினியில் இருந்து எடுத்தது. பயிற்சி முடிந்து நீ காரில் ஏறி இடியப்பத்தைச் சாப்பிட, நான் வெளியே நின்று அந்தக் கரண்டியால் சப்பாத்து மண்ணைச் சுரண்டுவேன். ஏழு வருடம்.

அந்தப் பையோடு அங்கேயே வாளியில் குந்தி இருந்து கொஞ்ச நேரம் யோசித்தேன். அதைத்தான் எழுதுகிறேன். போனில் நாங்கள் இருவரும் "சாப்பிட்டியா", "நியூகாசிலில் குளிரா" என்பதைத் தாண்ட மாட்டோம்.

கிறிஸ்டல் பலஸுக்குப் பந்தடித்த எபரேச்சி எஸேயைப் பற்றிக் கதைக்கிறேன் என்றதும் நீ கண்ணை உருட்டுவாய். இரு, வாசி. பலஸ் திடலுக்குப் பக்கத்தில், தோர்ன்ரன் ஹீத்தில் இருந்துகொண்டு அவனைப் பற்றிக் கதைக்காமல் இருக்க ஏலாது. 2025 மே 17 அன்று நான் வேலையில் நின்றேன், கல்லாவுக்குப் பக்கத்தில் போனைச் சாத்தி வைத்துவிட்டு எஃப்.ஏ. கிண்ண இறுதி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 16 ஆவது நிமிடம், வலப் பக்கத்தில் இருந்து மூன்யோஸ் தாழ்வாகப் போட்ட பந்தை எஸே நிறுத்தவே இல்லை, வந்த வேகத்தில் அப்படியே அடித்தான். பெற்றோலுக்குக் காசு கட்ட வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அட்டையை நீட்டியபடி அசையாமல் நிற்கிறார், வரிசையில் நின்றவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பந்து முழுக்க மான்செஸ்டர் சிற்றியின் காலில்தான், எங்கள் கோல்காப்பாளர் ஹென்டர்சன் ஒரு பெனால்ற்றியையும் தடுத்தார், கடைசியில் 1–0. 1905இல் தொடங்கிய கிறிஸ்டல் பலஸ் கழகத்துக்கு அதுதான் முதல் பெரிய கிண்ணம். இரவு ஒரு மணிக்கும் ஹோர்ன் சத்தம் ஓயவில்லை. நீ அனுப்பிய செய்தியை இன்னும் அழிக்கவில்லை: "அப்பா, எஸே!" அவ்வளவுதான் எழுதியிருந்தாய். நானும் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினேன். அது சரியில்லை என்று இப்போது படுகிறது.

அடுத்த கிழமை கோயிலில் உன் பெரியப்பா பிடித்துக்கொண்டார். "பார்த்தியா, விடாமல் முயற்சி செய்தவன் எங்கே நிற்கிறான், உன்ரை பெடியன் விட்டிட்டான்" என்றார். அப்போது வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது, எனக்கு எப்போதும் அப்படித்தான், கோபம் அடுத்த பஸ்ஸில்தான் வரும். நீ விடவில்லை, தம்பி. உன்னை விட்டார்கள்.

எஸேயின் கதையை எல்லோரும் பின்பக்கமிருந்து சொல்கிறார்கள், கிண்ணத்தில் தொடங்கி. நான் முன்பக்கமிருந்து ஒருக்கால் சொல்லிப் பார்த்தேன், அது வேறு கதையாக வருகிறது. கிறீனிச்சில் பிறந்த நைஜீரியக் குடும்பத்துப் பிள்ளை, அடுக்குமாடிகளுக்கு நடுவில் கம்பி வேலி போட்ட சீமெந்துத் தரையில் பந்தடித்து வளர்ந்தவன். ஆர்சனல் எடுத்தது, 13 வயதில் வேண்டாம் என்று அனுப்பியது. ஒரு கிழமை அறைக்குள் இருந்து அழுததாக அவனே சொல்லியிருக்கிறான். பிறகு ஃபுல்ஹாம், அவர்களும் விட்டார்கள். பிறகு ரெடிங். பிறகு மில்வோல், 2016இல் 18 வயதில் அவர்களும் விட்டார்கள். நாலு கழகம். அந்த நாலிலும் பந்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! எல்லோரும் அதே பெடியனைத்தான் பார்த்தார்கள், அதே இடுப்பை அசைத்து ஆளைத் தாண்டும் அதே ஓட்டத்தை.

மில்வோல் விட்ட பிறகு அவன் கல்லூரியில் சேர்ந்து, ரெஸ்கோ கடையில் பகுதிநேர வேலைக்குப் போக யோசித்தவன். விடாமுயற்சி என்று பெரியப்பா சொல்வதற்குள் இந்த இடம் வராது. அந்தக் கோடையில் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் ஒரு சோதனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டது, அங்கே நின்ற பயிற்சியாளர் கிறிஸ் ராம்சிக்கு அவனைப் பிடித்துவிட்டது. ராம்சிக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று வை, அல்லது ஆட்டத்தில் இவனுக்கு இருபது நிமிடம் மட்டும் கிடைத்தது என்று வை. ஒருவேளை இப்போது ரெஸ்கோவில் எனக்கு மிச்சக் காசு எண்ணித் தந்துகொண்டிருப்பான், நானும் முகத்தைப் பாராமல் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

எடுத்தவர்களும் உடனே தூக்கி வைக்கவில்லை. 2017இல் நாலாம் பிரிவில் இருந்த விகம்புக்கு இரவல் கொடுத்தார்கள், அங்கே அரை வருடம். திரும்பி வந்துதான் மெல்ல மெல்ல இடம் பிடித்தான், 2019–20 லீக்கில் 14 கோல். அடுத்தது பலஸ். 2021 மே மாதம் பயிற்சியில் குதிக்கால் நாண் அறுந்தது. உள்ளே வந்து போனைப் பார்த்தால், ஐரோப்பியக் கிண்ணத்துக்கான இங்கிலாந்து அணியின் முதற்கட்டப் பட்டியலில் பெயர் இருப்பதாகச் செய்தி. அதே நாளில், தம்பி. அந்த ஐரோப்பியக் கிண்ணத்துக்குப் போகவில்லை, 2023 ஜூனில்தான் நாட்டுக்காக முதல் ஆட்டம்.

பிறகு நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 13 வயதில் அனுப்பிய ஆர்சனல் 2025 ஆகஸ்டில் 60 மில்லியன் பவுணுக்கு மேல் கொடுத்து, கிட்டத்தட்ட ரொட்டன்ஹாமோடு முடிந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் திருப்பி வாங்கியது. நவம்பரில் அதே ரொட்டன்ஹாமுக்கு அவன் மூன்று கோல் அடித்தான், 4–1. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவனில் கோபம், மற்றப் பாதி இன்னும் யன்னலில் அவன் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் இல்லை. பந்தை மட்டுமல்ல, செஸ்ஸும் நன்றாக விளையாடுவானாம், 2025இல் இணையத்தில் புதியவர்களுக்கான ஒரு போட்டியையும் வென்றான். (நீ ஒன்பது வயதில் என்னைச் செஸ்ஸில் வென்ற பிறகு நான் உன்னோடு விளையாடவில்லை. நேரம் இல்லை என்றேன். பொய்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உனக்கு 16. கழகத்தின் அந்த அறைக்குள் பத்து நிமிடம்கூட இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர்ப் போத்தல் தந்தார்கள், திறக்கக்கூட இல்லை, அதற்குள் கதை முடிந்துவிட்டது. நல்ல பிள்ளை, நல்ல குடும்பம், ஆனால் ஸ்கொலர்ஷிப், அதுதான் கழகத்தில் தொடர்ந்து பயிற்சி பெறுகிற இடம், தரவில்லை. கை கொடுத்தார்கள். காரில் ஏறினாய், பெல்ட்டைப் போட்டாய், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது சிவப்பு விளக்கில் நான் சொன்னேன்: "சரி, இனிப் படிப்பைப் பார். நீ பின்னுக்கு ஓடி வந்து தடுக்கிறதில்லை என்று நான் எத்தனை தரம் சொன்னனான்."

அந்த நேரத்தில் ஒரு தகப்பன் சொல்கிற கதையா அது?

எனக்கு இது ஒரு சோதனை மாதிரி இருந்தது. ஊரில் எங்களுக்குத் தெரிந்தது அதுதானே: எழுதினாய், புள்ளி வந்தது, குறைந்தால் உன் பிழை. யாரோ ஒருவர் தாளைத் திருத்திவிட்டார், இனி அதில் கதையில்லை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தும் உன்னை அறைக்குள் இருக்க விடவில்லை, மாமி வீட்டுக்குப் போக வேண்டும், உடுப்பை மாற்று என்றேன். நீ வந்தாய். மாமி போட்ட கொத்துரொட்டியைச் சாப்பிட்டாய், சிரித்தாய்கூட. அடுத்த நாள் பையைக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டாய். ஒரு கிழமை வேண்டாம், ஒரு நாள்கூட நான் உன்னை அழ விடவில்லை.

எஸே சரியாக வந்ததால் நீயும் சரியாக வருவாய் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. ஒன்பது வயதில் எடுக்கப்படும் பிள்ளைகளில் 18இல் ஒப்பந்தத்தோடு நிற்பவர்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவர்கள், உன்னோடு அந்த வருடம் பந்தடித்தவர்களை நீயே எண்ணிப் பார். நான் அவன் கதையில் பிடித்துக்கொண்டது வேறு. நாலு கழகமும் பார்த்துவிட்டுத் தவற விட்ட ஒருவனை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கழகத்தின் பத்து நிமிடப் பேச்சை நான் எதற்கு உன் புள்ளி என்று நம்பினேன்? அவர்கள் சொன்னது அவர்களுக்கு இடம் இல்லை என்பதை. அதை உன் குறை என்று மொழிபெயர்த்தது நான். காரில் வைத்து, இரண்டாவது சிவப்பு விளக்கில். அதற்கு மன்னித்துக்கொள்.

உன் படிப்பு நன்றாகப் போகிறது என்று அம்மா சொன்னா. அங்கே பல்கலைக்கழகத்தில் சும்மா விளையாடுகிறவர்கள் சேர்ந்து ஞாயிறுகளில் பந்தடிக்கிறார்கள் என்று நீ தங்கச்சிக்குச் சொன்னதாகவும் கேள்வி. நீ விளையாடுகிறாயா என்று கேட்கவில்லை. கேட்டால் போ என்று சொல்கிற மாதிரி இருக்கும், அது உன் விருப்பம்.

வெள்ளிக்கிழமை பார்சல் போடுகிறேன். அம்மா மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கட்டி வைத்திருக்கிறா, வடை நொறுங்காமல் நடுவில் வைக்கச் சொல்லி இரண்டு தரம் சொல்லிவிட்டா. அடியில் சப்பாத்தையும் வைத்திருக்கிறேன். மண் எல்லாம் சுரண்டிவிட்டேன், தோல் கொஞ்சம் இறுகிப்போய்க் கிடந்ததால் எண்ணெய் பூசி ஒரு இரவு ஹீற்றருக்குத் தள்ளி வைத்தேன். எட்டரை அளவு. 16 வயதுக் கால், இப்போது கொள்ளுமோ தெரியாது. கொள்ளாவிட்டால் அளவை அனுப்பு.

அப்பா