கடவுள் பயம் இல்லாத வீட்டில் வளர்ந்தவள் எழுதுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடவுள் பயம் விட்டுப்போனால் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக் கொடுக்க வழியே இருக்காது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் அக்கறை புரிகிறது. ஆனால் வழி இருக்கிறது. குடியாத்தத்தில் சாமி படமே மாட்டாத வீட்டில் வளர்ந்தவள் நான்.

அப்பா லுங்கி நெய்தவர். பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே தறியை நிறுத்திவிடுவார். அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, அச்சில் கோத்த பிறகுதான் நாடா மறுபடி ஓடும். கூலி உருப்படிக் கணக்கு. நேரம் போனால் நஷ்டம் அவருக்குத்தான். ஒற்றை இழை விட்டதை முதலாளி கவனிக்கக்கூட மாட்டார். "கட்டுறவனுக்கு அந்த எடத்துலதாம்மா கிழியும்" என்பார். முகம் தெரியாத அந்த ஆளை நினைத்துத்தான் நான் இன்றும் பல விஷயங்களில் முடிவெடுக்கிறேன்.

தப்பு செய்தால் யாருக்குச் செய்தோமோ அவர் வாசலுக்கே போய் நிற்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பரிகாரம், நேர்த்திக்கடன் எதுவும் கிடையாது. சின்ன வயதில் அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இதெல்லாம் தமிழுக்குப் புதிதும் இல்லை. இந்தப் பிறவியில் செய்தால் மறுபிறவியில் கிடைக்கும் என்று அறத்தை விலைபேசுகிற வணிகன் அல்லன் வள்ளல் ஆய் என்று புறநானூற்றில் (134) முடமோசியார் பாடுகிறார். சான்றோர் போன வழி அது, அதனால் கொடுத்தான் என்கிறார்.

சரி, சாவு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். கடினமான கேள்விதான். கண்களைத் தானம் கொடுக்கச் சொல்லி அப்பா முன்பே எழுதி வைத்திருந்தார். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையணை வைத்துத் தலையை உயர்த்தினோம். கண் வங்கியிலிருந்து ஆள் வரும்வரை பஞ்சு காயக் காயத் தம்பி நனைத்துக்கொண்டே இருந்தான். அழுகைக்கு நடுவே கைக்கு ஒரு வேலை இருந்தது. சாமி கும்பிடாமல் காபிகூடக் குடிக்காத பக்கத்து வீட்டு அத்தைதான் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் தலைமாட்டில் ஒரு விளக்கும் ஏற்றினார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

ஆனால் சடங்கு தரும் ஆறுதல் முழுவதும் எங்களுக்குக் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். பதினாறாம் நாள் வரை சொந்தபந்தம் வந்து போவது பெரிய தெம்பு. எங்கள் வீட்டில் கூட்டம் சீக்கிரமே கலைந்துவிட்டது. ஆண்டுதோறும் அப்பா நினைவு நாளில் ரத்த தானம் செய்துவிட்டு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவது என்று பிற்பாடு நாங்களாகவே ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டோம்.

மதத்தோடு எனக்குப் பகை இல்லை. 1900-இல் ஐடா ஸ்கடர் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனை, கிறிஸ்தவ நம்பிக்கையில் பிறந்தது. கடைசிவரை கடவுளை மறுத்த பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று உயிர்விட்டது அதே மருத்துவமனையில்தான். இரண்டையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் இது.

2019 பிப்ரவரியில், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூரில், சாதியும் மதமும் அற்றவர் என்ற சான்றிதழை வழக்கறிஞர் சிநேகா போராடி வாங்கினார். ஊரெல்லாம் பேசினார்கள். சான்றிதழ் வாங்கியாயிற்று, அன்றாடம் எப்படி வாழ்வது என்று பேச இடம் எங்கே இருக்கிறது?

உங்கள் இதழில் ஆன்மிகத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறீர்கள். அது இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே அன்றாட வாழ்வின் அறக் கேள்விகளுக்குக் கால் பக்கம் கொடுங்கள். வாசகர்கள் கேட்கட்டும், வாசகர்களே பதில் எழுதட்டும். முதல் கேள்வியை நானே அனுப்புகிறேன்: படுத்த படுக்கையான மாமனாரைப் பார்த்துக்கொள்ள, சம்பாதிக்கும் மருமகள்தான் வேலையை விட வேண்டுமா? மகன் ஏன் விடக்கூடாது?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.