நின்ற இடத்தில் அரை மணி நேரம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. பேரனுக்கு முதல் பல் முளைத்த செய்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், வீடே சிரித்தது. இங்கே எல்லாரும் நலம். இவளுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, காலையில் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை நடந்து போய் வருகிறாள்.

நீ கடைசியில் காரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கிறது, ஓட்டத்தில் குறையே இல்லை, ஆனால் கடைத்தெருவில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் மட்டும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எடுப்பதில்லை. மெக்கானிக் பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார் என்கிறாய். இப்போதைக்கு மாற்றாதே. போன கோடையில் இதே பாடு நானும் பட்டேன்.

கத்திரி வெயில். மதுரைக்குப் போகிற வழியில் துவரங்குறிச்சியில் டீ குடிக்க நிறுத்தினோம். அரை மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் எடுக்கவே இல்லை. இவள் புளியமர நிழலில் வியர்த்து நிற்கிறாள், நான் பேட்டரி இறங்குகிறவரை செல்ஃப் அடிக்கிறேன். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. அதன் பிறகு பேட்டரியை மாற்றினேன், பம்ப்பை மாற்றினேன். இரண்டும் வீண் செலவு. காசைவிட, யாரும் காரணத்தைத் தேடவில்லையே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

நம் இரண்டு பேருடையதும் 2001 மாடல். 1999-ல் உச்ச நீதிமன்றம் வண்டிப் புகைக்கான யூரோ விதிகளை டெல்லிக்குக் கட்டாயமாக்கியதும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுத்த கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்கு இன்ஜெக்டர் என்கிற சின்னக் குழல்களால் பெட்ரோலைப் பீய்ச்சுகிற எம்.பி.எஃப்.ஐ. பரவிய சமயம். கார்புரேட்டர் காலத்தில் கொடைக்கானல் மலை ஏறும்போது உன் அப்பா வண்டியை ஓரம் கட்டி, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றுவாரே, ஞாபகம் இருக்கிறதா? அதே சூடுதான் இங்கேயும் பகை. ஓடும்போது தண்ணீர் சுற்றிக்கொண்டே இருப்பதால் இன்ஜின் ஓர் அளவிலேயே இருக்கும். அணைத்ததும் தண்ணீர் நின்றுவிடும், உள்ளே தேங்கிய சூடு மேலே ஏறி, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கிற குழாயான ஃபியூயல் ரெயிலைச் சுடும். பெட்ரோல் திறந்த பாத்திரத்தில் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ரெயிலில் அது கொதிக்காமல் இருப்பது அழுத்தத்தால்தான். இன்ஜினை அணைத்த பிறகும் அந்த அழுத்தம் நிற்க வேண்டும். எங்காவது கசிந்து இறங்கினால் ரெயில் முழுக்க ஆவி. அதனால்தான் அணைத்த உடனே எடுத்தால் எடுக்கிறது, அரை மணியில் எடுப்பதில்லை, நன்றாக ஆறிய பிறகு எடுக்கிறது.

ஆனால் எல்லா வண்டிக்கும் காரணம் ஆவியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அடுத்த முறை மக்கர் செய்யும்போது பதறாமல் இதைச் செய். சாவியை ஆன் செய்து, பம்ப் இரண்டு விநாடி முனகி நின்றதும் ஆஃப் செய். இப்படி மூன்று தடவை செய்துவிட்டு செல்ஃப் அடி. சட்டென்று எடுத்தால் அழுத்தம்தான் இறங்கியிருக்கிறது. அதில் எடுக்கவில்லையென்றால் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு அடி. அப்படி மிதித்தால் பெரும்பாலான கார்களில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடும். கறுப்புப் புகையோடு எடுத்தால் பெட்ரோல் கூடிப்போய் பிளக் நனைந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் அசையாமல், செல்ஃப் சுற்றும்போது ஆர்.பி.எம். முள்ளும் செத்துக் கிடந்தால், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படு. சூடானால் அறுந்து, ஆறினால் மறுபடி உயிர் வருவது அதன் வழக்கம்.

எனக்குச் சாவி வித்தை பலிக்கவில்லை, இன்னும் மோசமானது. ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தபோதுதான் குப்பென்று புகை விட்டு எடுத்தது. சரி, பெட்ரோல் கூடுகிறது. எங்கிருந்து? முதலில் இன்ஜின் தண்ணீரின் சூட்டை அளக்கிற கூலன்ட் சென்சாரைப் பார்த்தேன். அது கெட்டால் கம்ப்யூட்டர் சூடான இன்ஜினைக் குளிர்ந்ததாக நினைத்துக் கூடுதலாக ஊற்றும். மல்டிமீட்டரில் 80 டிகிரிக்கு 300 ஓம் பக்கம் காட்டியது, அது சரியான அளவுதான்.

அப்புறம் ரெயிலின் ஓரத்தில் இருந்து அதன் அழுத்தத்தை அளவாக வைக்கிற பிரஷர் ரெகுலேட்டர். டம்ளர் மூடி அளவுக்குத் தகர டப்பா, அதன் தலையிலிருந்து மெல்லிய ரப்பர் ஹோஸ் ஒன்று, இன்ஜினுக்குக் காற்று போகிற குழாயான மேனிஃபோல்டுக்குப் போகும். அந்த ஹோஸில் காற்று மட்டும்தான் இருக்க வேண்டும். கழற்றி, வெள்ளைத் துணியில் முனையைத் தட்டினேன். இரண்டு சொட்டு விழுந்து, ஓரம் மஞ்சளாகப் பரவியது. பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது. டப்பாவுக்குள் இருக்கிற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. அதன் வழியாக நிறுத்தி வைத்த நேரமெல்லாம் பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது. சாவியைத் திரும்பத் திரும்பப் போட்டபோது மோசமானதும் இதனால்தான். இருபது வருடத்துக்கு மேல் உழைத்த ரப்பர், அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ரெகுலேட்டரை மாற்றிய பிறகு ஒருநாளும் நிற்கவில்லை.

நீயும் முதலில் அந்த ஹோஸைக் கழற்றிப் பார், இரண்டு நிமிட வேலை. இன்ஜின் ஆறிய பிறகு செய், பக்கத்தில் பீடி சிகரெட் எதுவும் வேண்டாம். ஹோஸ் காய்ந்திருந்தால் ரெயிலில் அழுத்தம் காட்டும் கேஜ் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் 3 பார் அளவு அழுத்தம் காட்டும், அணைத்த பிறகு பத்து நிமிடமாவது பெரிதாக இறங்கக் கூடாது. முள் மளமளவென்று இறங்கினால் மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்புகிற ரிட்டன் ஹோஸை அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம். அப்போது நின்றால் ரெகுலேட்டர். நிற்காமல், பம்ப்பிலிருந்து வரும் ஹோஸை அழுத்தும்போது நின்றால் உன் மெக்கானிக் சொன்னது சரி, பெட்ரோலைத் திரும்ப விடாமல் பிடிக்கிற, பம்ப்புக்குள் இருக்கிற வால்வு கசிகிறது. இரண்டிலும் நிற்கவில்லையென்றால் இன்ஜெக்டர் சொட்டுகிறது. இதைத் தனியாகச் செய்யாதே, அழுத்தத்தில் இருக்கிற பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும்.

ஆடிப்பெருக்குக்கு முன்னால் அந்தப் பக்கம் வருகிறேன், கேஜையும் எடுத்து வருகிறேன். அதற்குள் துணியில் சொட்டு விழுந்ததா இல்லையா என்று மட்டும் ஒரு வரி எழுது. பேரனுக்கு என் முத்தம்.

அன்புடன்,
ராமு