கழுத்து இரத்தக்குழாய் அடைப்பு: இரண்டு வழிகளையும் சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையை நம்பிப் பல ஆண்டுகளாகப் பூக்கட்டிப் பிழைத்துவரும் என் அக்காவுக்கு வயது 74. சென்ற ஆவணியில், முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலை மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய வலக்கையிலிருந்து வாழைநார் நழுவியது. எடுத்துக் கொடுத்தோம்; மறுபடியும் நழுவியது. பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டதால், பகலெல்லாம் பட்ட வெயில்தான் காரணம் என்று மோரைக் கொடுத்துப் படுக்க வைத்தோம். அது பக்கவாதத்தின் முன்னறிவிப்பு என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் எடுத்த டாப்ளர் ஸ்கேனில், மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இடப்புறக் கரோட்டிட் குழாயில் 80 விழுக்காடு அடைப்பு இருப்பது தெரிந்தது.

முதலில் சென்ற தனியார் மருத்துவமனையில், கழுத்தைக் கிழிக்க வேண்டாம், தொடை வழியாக ஸ்டென்ட் (குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் வலைக்குழல்) வைத்து இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். அறுவை சிகிச்சை என்று ஒரு வழி இருப்பதைக்கூட அங்கே யாரும் சொல்லவில்லை. கத்தி வேண்டாம் என்றால் எந்தக் குடும்பம்தான் உடனே தலையாட்டாது? தெரிந்தவர் ஒருவர் வற்புறுத்தியதால் இரண்டாவது மருத்துவரிடம் போனோம். அவர்தான் அக்காவின் வயதை வைத்துப் பேசினார்.

அறிகுறி கண்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்ட மூன்று பெரிய ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2010இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. எழுபது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில், சிகிச்சைக்குத் தேர்வான நாளிலிருந்து 120 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 5.8, அறுவைப் பிரிவில் 5.7 விழுக்காடு, ஏறக்குறைய சமம். எழுபதும் அதற்கு மேலும் ஆனவர்களிலோ ஸ்டென்ட் பிரிவில் 12, அறுவைப் பிரிவில் 5.9. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவு முதியவர்களுக்குச் சுண்ணாம்பு படிந்து நெளிந்திருப்பதால், தொடையிலிருந்து அதன் வழியே ஸ்டென்ட்டுக்கான கம்பியைச் செலுத்தும்போதே துணுக்குகள் பெயர்ந்து மூளைக்குப் போய்விடக்கூடும் என்று மருத்துவர் தாளில் வரைந்து காட்டினார். அறுவையில் அந்த வளைவைத் தொடுவதே இல்லை. கழுத்தில் குழாயைத் திறந்து, படிந்த கொழுப்பைச் சுரண்டி எடுத்துத் தைத்துவிடுகிறார்கள்.

இதனால் ஸ்டென்ட் தீது என்று நான் எழுதவில்லை. கழுத்தில் முன்பே அறுவையோ கதிர்வீச்சோ செய்தவர்களுக்கும், மயக்க மருந்தையும் அறுவையையும் தாங்க முடியாத அளவுக்கு இதயம் பலவீனமானவர்களுக்கும் அதுவே உகந்ததாகலாம். அதே 2010இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வான கிரெஸ்டில், சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்ட்டில் 4.1, அறுவையில் 2.3 விழுக்காடு என்றிருக்க, மாரடைப்போ ஸ்டென்ட்டில் 1.1, அறுவையில் 2.3 விழுக்காடாக இருந்தது. அறுவையில் கழுத்து நரம்பு பாதிக்கப்படுவதும் உண்டு. அக்காவுக்கே இரண்டு மாதம் குரல் கம்மியிருந்தது. ஆனால் அதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள் என்பதால் நாங்கள் பதறவில்லை.

அறிகுறி தோன்றி இரண்டு வாரத்துக்குள் அடைப்பை நீக்கினால்தான் முழுப் பலன் என்கிறார்கள். நாங்கள் வீணாக்கிய நாட்களை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. ஒன்பதாம் நாள் அறுவை நடந்தது. அறிகுறியே இல்லாமல் பரிசோதனையில் தற்செயலாகத் தெரியவரும் அடைப்பு வேறு கதை. அங்கே மாத்திரையும் இரத்த அழுத்தக் கட்டுப்பாடும் மட்டுமே போதுமா என்பதையும் கேட்டாக வேண்டும்.

என் கோரிக்கை இதுதான். கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். இரண்டு சிகிச்சைகளின் நன்மை தீமைகளோடு, அந்த மருத்துவமனையில் அவற்றைச் செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது என்ற கணக்கும் அதில் இருக்க வேண்டும். அறிகுறி உள்ளவர்களிடம் அது 6 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்லும்போது, அந்த எண்ணை நோயாளியின் வீட்டாரிடம் மறைக்க என்ன காரணம் இருக்க முடியும்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்