மூன்று நாள் கடை மூடியிருந்தது ஏன்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் பினாங்கு லிட்டில் இந்தியாவில் உள்ள நம் சாப்பாட்டுக் கடை வரை வந்து, இறக்கிவைத்த ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் பலர். காலை தோசைக்குத் தவறாமல் வரும் பெரியவர்கள், "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று போன் செய்தார்கள். முன்கூட்டியே சொல்லாமல் மூடியது எங்கள் தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். சமையலறைத் தரையில் ஓடு உடைந்து தண்ணீர் தேங்குகிறது, இரண்டு பணியாளர்களின் டைஃபாய்டு ஊசி காலாவதியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஊசி மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். தேதியைக் கவனித்திருக்க வேண்டியவள் நான். மலேசியாவின் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம் 11ஆம் பிரிவின்படி, சுத்தமில்லாத கடையை 14 நாள் வரை மூடச் சொல்லலாம். எங்களுக்கு அந்த உத்தரவு வரவில்லை. தரையைப் பெயர்த்துக்கொண்டே சமைக்க முடியாது என்பதால் நாங்களாகவே மூடினோம்.

அதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்ற ஆரம்பித்துவிட்டது. பின் சந்தில் இருந்த நீல வாளியைக் காட்டி, "இதில்தான் சாம்பார் வைக்கிறார்கள்" என்கிறது ஒரு குரல். இதை மட்டும் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே கிரீஸ் ட்ராப் என்று ஒரு பெட்டி இருக்கிறது. கழுவின தண்ணீர் அதில் நின்று போகும்போது எண்ணெய் மேலே மிதக்கும். அதை அன்றாடம் அள்ளி எடுக்காவிட்டால் சாக்கடைக்குப் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். அப்படி அள்ளிய கொழுப்புதான் அந்த வாளியில் இருந்தது. சுத்தம் செய்ததற்கு அடையாளம் அது! நம் சாம்பார் எவர்சில்வர் அண்டாவில்தான் கொதிக்கிறது, அதிலிருந்துதான் இலைக்கு வருகிறது. பதினோரு வருடமாக அந்தத் தொட்டியருகே நிற்கும் அக்கா வீடியோவைப் பார்த்து அழுதுவிட்டார். அனுப்பியவர் ஒரு வார்த்தை உள்ளே வந்து கேட்டிருக்கலாம். சரி, வாளியை வெளியே திறந்து வைத்ததும் பிசகுதான். இப்போது மூடி போட்ட வாளி வாங்கிவிட்டோம்.

தரை புதிது. ஊசி எல்லோரும் போட்டாயிற்று, உணவு கையாளும் பயிற்சிக்கும் போய் வந்தார்கள். அடுப்புப் பக்கத்தில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. 5 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில்தான் கிருமி வேகமாகப் பெருகும் என்பதால் குழம்பை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைக்கிறோம், தயிரையும் மீனையும் 5 டிகிரிக்குக் கீழ் குளிரில். சமைத்து நான்கு மணி நேரம் தாண்டியது இலைக்கு வராது. அதனால் மாலை நாலு மணிக்கு மேல் வருபவர்களுக்குப் பிரட்டல் கிடைக்காமல் போகலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மறுசோதனை வரை சுவரில் கடையின் சுத்தத்துக்கான 'பி' தரச் சான்றிதழ்தான் இருக்கும். வாழை இலைச் சாப்பாட்டின் விலை 1 வெள்ளி (ரிங்கிட்) கூடுகிறது.

2020இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, வீட்டில் சமைத்திருந்தும் எங்களுக்காகப் பொட்டலம் வாங்கிப் போன குடும்பங்களை நான் மறக்கவில்லை. இந்த வாரமும் வீடியோவைப் பார்த்த பிறகு, "நாங்க நம்பலம்மா" என்று சொல்லவே சிலர் நேரில் வந்தார்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கடை திறந்தாயிற்று. மூன்று மணிக்கு மேல் கூட்டம் குறைந்திருக்கும். சமையலறையைப் பார்க்க வேண்டுமென்றால் கல்லாவில் என்னிடம் சொல்லுங்கள், நானே அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
ஜார்ஜ்டவுன், பினாங்கு