பத்து மணிக்குக் கடையை மூடச் சொல்லும் முன்

நகர சபைத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

பஸ் நிலையத்துக்கு மேலே இருக்கும் கொரியப் பொரித்த கோழிக் கடையை இரவு பத்து மணிக்கே மூடவைக்கும் யோசனை அடுத்த கூட்டத்துக்கு வருவதாக அறிகிறேன். அதை நிறைவேற்ற வேண்டாம் என்று கேட்கவே இந்த மடல். கடைக்காரர் எனக்கு உறவினர் அல்லர். எனக்குக் கடன்பட்டவரும் அல்லர்.

நம் நகரில் ஏழரை மணிக்கே பாதிக் கடைகளின் கதவுகள் இறங்கிவிடுகின்றன. அதற்குப் பிறகும் ஆட்கள் இருக்கிறார்கள். கொழும்பிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து, தோட்டத்துக்குப் போக ஆட்டோ தேடும் பிள்ளைகள்; ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருப்பவர்கள்; மரக்கறி லொறிக்காரர்கள். டிசம்பர் முழுநிலா நாளான உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலைக்கு இரவோடு இரவாகப் போகிறவர்கள் வேறு. இத்தனை பேருக்கும் மிஞ்சுவது காலையில் பொரித்து ஆறிப்போன ரோல்ஸ்தான்.

‘அந்நிய நாட்டுத் தீனி நமக்கு எதற்கு’ என்று ஓர் உறுப்பினர் கேட்டாராம். கொரியாவிலேயே இது பாட்டன் காலத்து உணவு இல்லை. பொரித்த கோழிக்கென்று கிளைகள் பரப்பிய முதல் நிறுவனம் சியோலில் கடை திறந்தது 1977இல். 1997 பொருளாதார நெருக்கடியில் வேலை போனவர்கள் பலர், கையில் கிடைத்த பணத்தைப் போட்டு இப்படிக் கோழிக் கடை திறந்துதான் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். 2022ஐக் கடந்து வந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் கடைக்காரரும் கொரியத் தொழிற்சாலையில் உழைத்துச் சேர்த்த பணத்தைத்தான் இங்கே கொட்டியிருக்கிறார்.

உங்கள் கவனம் போக வேண்டிய இடம் அடுப்படி. உருளைக்கிழங்கு மாவில் புரட்டிய கோழியை மிதமான சூட்டில் ஒருமுறை பொரித்து, ஆறவிட்டு, கூடிய சூட்டில் மறுமுறை பொரிக்கிறார்கள். ஆறும்போது உள்ளிருந்து மேலே வரும் ஈரத்தை இரண்டாவது பொரிப்பு விரட்டிவிடுவதால், காரக் கூழைப் பூசிய பிறகும் மொறுமொறுப்புக் குறைவதில்லை. மலையில் இது சுலபமில்லை. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கோழிக்குள் இருக்கும் ஈரமும் அப்படித்தான் என்பதால், கீழ்நாட்டுச் சூட்டில் பொரித்தால் மேல் கருகி உள்ளே வேகாமல் நிற்கும். சூட்டைச் சற்றுக் குறைத்து நேரத்தைக் கூட்ட வேண்டும். இப்படிப் பொரிக்க எண்ணெய் நிறையச் செலவாகும். விலையைப் பார்த்து, அதே எண்ணெயை நாட்கணக்கில் ஓட்டும் ஆசை எந்தக் கடைக்காரருக்கும் வரும். ஆகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரை இரவில் அனுப்புங்கள். சட்டியைப் பார்க்கட்டும், கோழியின் உட்புறத்தையும் பிளந்து பார்க்கட்டும்.

கழிவு விடயத்தில் நான் கடைக்காரர் பக்கம் இல்லை. பழைய எண்ணெயை வடிகானில் ஊற்றினால் அது ஓடை வழியே மகாவலிக்குத்தான் போகும். வெளியே வீசும் எலும்புக்கு நாய் கூடும். நாயைத் தேடி சிறுத்தை தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல் வரை வருவதைத் தோட்டத்தில் வளர்ந்த உறுப்பினர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மூடிய தொட்டியும் எண்ணெயைத் திருப்பி எடுக்கும் ஏற்பாடும் இல்லாவிட்டால் அனுமதியை ரத்துச் செய்யுங்கள். வேலை முடிந்த பையன்களை நள்ளிரவில் பனிமூட்டத்துக்குள் நடக்க விடாமல் வாகனத்தில் அனுப்புவதையும் நிபந்தனையாக்குங்கள்.

மதுவைப் பற்றிய அச்சம் நியாயமானது. கொரியாவில் இந்தக் கோழிக்குத் துணை பியர். இங்கே தருவது இஞ்சி போட்ட பிளேன்டீ. நாளை மது அனுமதிக்கு ஆதரவு கேட்டு அவர் உங்களிடம் வந்தால், மறுக்கச் சொல்லும் மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. பாட்டுச் சத்தத்தைப் பத்து மணிக்கு நிறுத்தச் சொல்லுங்கள், அதுவும் சரி. அடுப்பு ஒரு மணி வரை எரியட்டும்.

அதே கூட்டத்தில் இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் நிலையத்துக் கழிப்பறை மாலை ஆறு மணிக்கே பூட்டப்படுகிறது. அதன் சாவி உங்களிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
சோலைவரி கட்டும் ஒரு நகரவாசி