இந்த ஆண்டு ஹீட்டர் வேண்டாம், ஓட்டை அடைக்கப் பணம் தாருங்கள்

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியும் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பகுதிகளில் வாழும் உறவுகளுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்தால் எங்கள் குழுவுக்குக் கம்பளிகளும் மின் ஹீட்டர்களும் வந்து குவியும். தருகிறவர்களின் மனம் பெரியது, அதில் ஐயமில்லை. ஆனாலும் இந்த ஆண்டு அவற்றைத் தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம். 1,500 வாட் ஹீட்டர் ஒன்றை இரவு பகலாக ஓடவிட்டால் ஒரு நாளைக்கு 36 யூனிட் மின்சாரம் போகும். ஓய்வூதியத்தில் வாழும் ஓர் அம்மாவிடம் அதை இலவசமாகக் கொடுத்துவிட்டு நாம் திரும்பிவிடலாம். பில் வரும்போது கட்டப்போகிறவர் அவர்தான். இத்தனை செலவில் பிறந்த சூடும் யன்னல் இடுக்கிலும் கூரையிலும் புகுந்து தெருவுக்குப் போய்விடுகிறது. துலா மிதித்து இறைத்த தண்ணீரை வெடித்த தொட்டியில் ஊற்றுகிற வேலை இது.

அதனால்தான் வெப்பம் வெளியேறும் வழிகளை அடைக்கும் வேலையை ஒரு பொதுத் திட்டமாக எடுத்திருக்கிறோம். தனியாகவோ தம்பதியாகவோ வாழும் முதியவர்களின் சொந்த வீடுகள் 24, பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் 36. இந்த இரண்டு எண்ணிக்கையும் எங்களால் செய்து முடிக்கக்கூடிய வேலையின் அளவு மட்டுமே. தேவையின் அளவு இதைவிடப் பெரியது.

ஸ்காபரோவின் தனி வீடுகளில் பெரும் பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சில பத்தாண்டுகளில் எழுந்தவை. எரிபொருள் மலிவாக இருந்த காலத்தில், சுவருக்குள்ளும் கூரைக்கடியிலும் பெயருக்குக் கொஞ்சம் வெப்பம் காக்கும் பஞ்சு வைத்துக் கட்டிய பங்களாக்கள் அவற்றில் ஏராளம். 1983க்குப் பிறகு வந்த நம்மவர்கள் இரண்டு மூன்று வேலை செய்து, சீட்டுப் பிடித்து, அந்த வீடுகளை வாங்கினார்கள். அன்று நடுத்தர வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். பிள்ளைகள் புதிய வீடு வாங்கிக்கொண்டு வடக்கேயும் கிழக்கேயும் போய்விட்டார்கள். பழைய வீட்டோடு பெற்றோர் தங்கிவிட்டார்கள்.

வெளியே மைனஸ் 20, உள்ளே 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பாகை வித்தியாசம். சூடான காற்று மேலே எழுந்து சீலிங்கில் இருக்கும் ஓட்டைகள் வழியாக, கூரைக்கடியில் உள்ள வெற்றிடமான அட்டிக்குக்குள் போகும். மின்விளக்குப் பொருத்திய துளை, குழாய் ஏறும் இடைவெளி, அட்டிக்குக்கு ஏறும் மூடி எல்லாம் அதற்கு வழிதான். வெளியே போகும் காற்றின் அளவுக்குக் கீழிருந்து குளிர்காற்று உள்ளே வரும். பேஸ்மென்டின் கொங்கிறீட் சுவர் முடிந்து மரச்சட்டம் தொடங்கும் விளிம்புதான் அதற்கு வாசல். தெர்மோஸ்டாட் 22 என்று காட்டும்போதும் கால்கள் ஜில்லிட்டுப் போவது இதனால்தான். அதை 28க்குத் திருகிவைத்தால் வீடு விரைவில் சூடாகும் என்று நினைப்பவர்கள் பலர். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அதே வேகத்தில்தான் ஓடும், நிற்பதற்குத்தான் நேரம் எடுக்கும். கறி மணம் போகட்டும் என்று யன்னலைத் திறந்துவைத்துவிட்டு மறந்துபோவதைப் பற்றி இங்கே விரிவாக எழுதினால் வீட்டுக்கு வீடு சண்டை வரும், விட்டுவிடுவோம்.

இவ்வளவையும் எழுதக் காரணம், உங்கள் பணம் எந்த ஒழுங்கில் செலவாகும் என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்பதுதான். முதலில் சோதனை. வாசற்கதவில் ஒரு பெரிய மின்விசிறியைப் பொருத்தி வீட்டுக்குள்ளிருந்து காற்றை வெளியே இழுப்போம். அப்போது ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் குளிர்காற்று சீறிக்கொண்டு வரும். வெப்பத்தைப் படம்பிடிக்கும் கமராவில் அந்த இடங்கள் கறுத்துத் தெரியும். அடுத்தது அடைப்பு: யன்னல் சட்டங்களுக்கு கோல்க் என்ற அடைப்புப் பசை, கதவுகளுக்கு ரப்பர் பட்டி, அத்திவார விளிம்புக்கு நுரைப்பலகை. அதன் பிறகுதான் அட்டிக்கில் பஞ்சு நிரப்புவது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஓட்டையை அடைக்காமல் மேலே எவ்வளவு பஞ்சு போட்டாலும் காற்று அதை ஊடுருவிப் போய்விடும். போதாததற்கு, அதோடு போகும் ஈரப்பதம் குளிர்ந்த கூரைப் பலகையில் படிந்து பூஞ்சணம் பிடிக்கும்.

முன்னோட்டமாகப் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே இருக்கும் ஐயாவும் அம்மாவும் ஒரே அறைக்குள் ஒதுங்கி, கதவடியில் துவாயைச் சுருட்டிவைத்து, இரண்டு ஹீட்டர்களோடு குளிர்காலத்தைக் கழித்திருக்கிறார்கள். ஃபர்னஸ் பழுதாகிவிட்டது, புதிது போட ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று யாரோ சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். ஃபர்னஸில் ஒரு பழுதும் இல்லை. அதன் வடிகட்டி தூசியடைத்துக் கறுத்துப்போயிருந்தது. இரண்டு சூடுகாற்றுத் துவாரங்கள் சோபாவுக்கும் தரைவிரிப்புக்கும் அடியில் மறைந்திருந்தன. அட்டிக் மூடி ஒரு மெல்லிய பலகை, சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி. குளியலறை விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் அட்டிக்குக்குள்ளேயே முடிந்திருந்தது. அடைப்பு வேலை முடிந்த பிறகு அவர்கள் வீடு முழுவதையும் பயன்படுத்துகிறார்கள். ஹீட்டர்கள் இரண்டும் அலுமாரிக்குள் போய்விட்டன.

அட்டிக்கில் போடுவதற்கு செலுலோஸ் பஞ்சைத் தேர்ந்திருக்கிறோம். பழைய செய்தித்தாளை அரைத்து, தீப்பிடிக்காதிருக்க போரேட் உப்புக் கலந்து செய்வது அது. நம் கடை வாசல்களில் எடுப்பாரின்றிக் கிடக்கும் தமிழ் வாரப் பத்திரிகைகளுக்கும் இப்படி ஒரு மறுபிறப்பு கிடைத்தால் நல்லதுதான். ஆனால் 1990க்கு முன் கட்டிய சில வீடுகளின் அட்டிக்கில் சாம்பலும் பொன்னிறமும் கலந்த கூழாங்கல் போன்ற வெர்மிகுலைட் என்ற பழைய வெப்பக்காப்புப் பொருள் கிடக்கும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தின் லிபி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில், நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது தெரிந்த விடயம். அதைக் கண்டால் மூடியைச் சாத்திவிட்டு இறங்கிவிடுவோம். தொண்டர்களை அதற்குள் அனுப்புவதற்கு எந்த நன்கொடையும் ஈடாகாது.

இனி, ஒரு சதமும் குறைக்க நாங்கள் சம்மதிக்காத செலவு. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு காபன் மொனொக்சைட் அலாரங்கள் வாங்குகிறோம். வீட்டை இறுக்கி அடைத்தால், பழைய எரிவாயுத் தண்ணீர்ச் சூடாக்கியின் புகை மேலே போகாமல் வீட்டுக்குள் திரும்பக்கூடும். அந்தப் புகையில் இருக்கக்கூடிய காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்டொக் நகரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு ஹோக்கின்ஸ் குடும்பத்தில் பெற்றோரும் இரு பிள்ளைகளும் உயிரிழந்தார்கள். ஒன்ராறியோவில் இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கிய சட்டம் அவர்கள் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. 2013 டிசம்பர் பனிப்புயலை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 லட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. எரிவாயு வந்துகொண்டிருந்தாலும் ஃபர்னஸின் விசிறிக்கு மின்சாரம் வேண்டும் என்பதை அன்றுதான் பலர் அறிந்தார்கள். சூட்டுக்காகக் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டியவர்களும், ஜெனரேட்டரைக் கராஜுக்குள் ஓட்டியவர்களும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அப்படிப்பட்ட இரவில் நன்றாக அடைத்த வீடு தன் சூட்டைப் பல மணி நேரம் கூடுதலாகப் பிடித்துவைக்கும்.

பேஸ்மென்ட் குடும்பங்களின் நிலை வேறு. தெர்மோஸ்டாட் மேல்தளத்தில் இருக்கிறது. மேலே இருப்பவர் வேலைக்குப் போகும்போது 17க்குக் குறைத்துவிட்டுப் போனால், கீழே கைக்குழந்தையோடு இருப்பவர் என்ன செய்வார்? ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டின் வெப்பம் 21 பாகைக்குக் குறையக் கூடாது என்பது நகரச் சட்டம். நகரசபையின் 311 எண்ணுக்கு அழைத்து முறையிடலாம். ஆனால் வீட்டுக்காரர் சித்தப்பா முறையாகவோ ஊர்க்காரராகவோ இருக்கும்போது யார் அழைப்பார்கள்? இந்த 36 வீடுகளில் எங்கள் குழுவில் உள்ள மூத்தவர்கள் முதலில் வீட்டுக்காரரிடம் நேரில் போய்ப் பேசுவார்கள். வாடகை வீட்டின் அட்டிக்குக்கோ அத்திவாரத்துக்கோ உங்கள் பணத்தில் ஒரு டொலரும் போகாது. வாடகை வாங்குகிறவர் செய்ய வேண்டிய வேலை அது. குடியிருப்பவர் வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடியவற்றை மட்டும் தருவோம்: தடித்த திரை, கதவடிப் பட்டி, வெப்பமானி, அலாரங்கள். யன்னலுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் படலம் மட்டும் ஒரு பருவத்துக்குத்தான் தாங்கும்.

அரசு இதையெல்லாம் இலவசமாகச் செய்கிறதே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வருமானம் குறைந்தவர்களுக்கு வீட்டை அடைத்துப் பஞ்சு போட்டுத் தரும் திட்டங்கள் ஒன்ராறியோவில் உண்டு. பில் கட்ட முடியாமல் போனவர்களுக்கு லீப் என்ற அவசர உதவி இருக்கிறது. நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை கட்டண நிலுவைக்காக வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கவும் முடியாது. எங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் முதலில் அந்த விண்ணப்பங்களைத்தான் நிரப்பிக் கொடுக்கிறோம். அங்கே கிடைத்துவிட்டால் அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுப்போம். வருமான வரம்பைச் சற்றே தாண்டியவர்கள், தங்கள் பெயரில் பில் இல்லாதவர்கள், ஆங்கிலப் படிவத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டவர்கள் ஆகியோருக்குத்தான் இந்த நிதி.

மொத்தம் 60,000 டொலர் வேண்டும். இதில் 43,200 டொலர் 24 வீடுகளின் அடைப்புக்கும் பஞ்சுக்கும், வீட்டுக்குச் சராசரி 1,800. அலாரங்களுக்கு 5,400. உரிமம் பெற்ற தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு ஃபர்னஸ்களைச் சோதிக்க 4,320, பேஸ்மென்ட் பொருட்களுக்கும் அதே தொகை. தொண்டர்களுக்கான காப்புறுதிக்கு 2,000. எஞ்சும் சில்லறை வடிகட்டிகளுக்குப் போகும். விசிறியையும் கமராவையும் உறுப்பினர்களே தங்கள் பணத்தில் வாங்கிவிட்டோம். புதிய ஃபர்னஸோ ஹீட் பம்போ வாங்கிக்கொடுக்கும் எண்ணம் இல்லை. அந்தப் பணத்தில் மூன்று வீடுகளை அடைத்துவிடலாம்.

நாங்கள் பதிவுபெற்ற அறக்கட்டளை அல்ல. ஆகவே வருமான வரிக்கான பற்றுச்சீட்டு தர இயலாது. இது சிலருக்குத் தடையாக இருக்கும் என்பது தெரியும், மறைக்க விரும்பவில்லை. வங்கிக் கணக்கில் இருவர் ஒப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம். ஒவ்வொரு மாத முடிவிலும் வரவு செலவைப் பற்றுச்சீட்டுப் படங்களோடு நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். கையில் காசு வாங்க மாட்டோம். காசோலையோ வங்கி மின்பரிமாற்றமோ மட்டும் போதும். பொன்னாடை, பெயர்ப்பலகை, மேடைப் படம் எதுவும் கிடையாது. அதற்கு இந்த நகரில் வேறு இடங்கள் தாராளமாக உண்டு.

செப்டம்பர் முடிவதற்குள் பணம் வந்துசேர வேண்டும். வெளிச்சுவரில் கோல்க் பூசுவதற்கு வெப்பம் 5 பாகைக்கு மேல் இருந்தால்தான் பிடிக்கும். ஒக்டோபரில் நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையோடு தொடங்கி நவம்பர் நடுவில் முடித்தாக வேண்டும். சனி, ஞாயிறுகளில் உழைப்பைத் தர விரும்பும் இளைஞர்களும் வரலாம். அட்டிக் மூடிக்குள் நுழையக்கூடிய உடல்வாகு உள்ளவர்களுக்கு முன்னுரிமை, எங்கள் செயற்குழுவில் அப்படி ஒருவரும் இல்லை.

இன்னொன்றும் கேட்கிறோம். நம் முதியவர்கள் தங்களுக்குக் குளிர்கிறது என்று வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். உங்கள் தெருவிலோ, கோவிலில் பக்கத்தில் இருப்பவரிடமோ விசாரித்து, அவர்களுடைய சம்மதத்தோடு பெயரைத் தாருங்கள். இந்தத் தாளைக் கொண்டுவந்து தந்த உறுப்பினரிடம் சொன்னால் போதும். கடந்த குளிர்காலத்தின் எரிவாயு, மின்சார பில்களை எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.