இலவச பிளானில் ஒரு கோவில்

ஆசிரியருக்கு,

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் பாவிய மெட்ராஸ் ஒட்டுக் கூரை. போன மழையில் பாடகர் குழு நிற்கும் இடத்தில் ஒரு கூடை காரை உதிர்ந்து விழுந்தது. ஆகவே வேலை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வடிவமைப்பவர் யார்? கேட்டால், பக்கத்து ஊரில் கல்யாண மண்டபம் கட்டிய ஒப்பந்ததாரரே பிளானையும் இலவசமாகப் போட்டுத் தருகிறாராம். இலவச பிளானின் விலை சிமென்ட் கணக்கில் வந்து சேரும் என்பது வீடு கட்டிய எவருக்கும் தெரியும்.

கோவில் கட்டவும் பழுதுபார்க்கவும் வல்லுநர் ஆலோசனை வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 1216ஆம் பிரிவே சொல்கிறது. அந்த வல்லுநர் நம் சபையாராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. திருவனந்தபுரம் லயோலா வளாகத்தில் கத்தோலிக்கச் சிற்றாலயம் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கத்தோலிக்கர்கூட அல்லர், குவேக்கர் என்னும் வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். செங்கல் சுவரில் அவர் விட்ட இடைவெளிகள் வழியே வெளிச்சமும் காற்றும் தாமே உள்ளே வருகின்றன.

எங்களுடையது சுண்ணாம்புக் காரைச் சுவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் அழகுக்காக அதன்மேல் சிமென்ட் பூசினோம். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் உப்புப் பூத்துப் பொரிந்துவிட்டது. நோய் கூரையிலா சுவரிலா என்று பார்க்க, பழைய கட்டடங்கள் அறிந்த கட்டடக் கலைஞர் ஒருவரை ஒரு நாள் அழைக்கலாமே. இடித்தே தீர வேண்டுமென்றால், இரண்டு மூன்று பேரிடம் வரைபடம் வாங்கி, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் மாட்டிவையுங்கள். நன்கொடை ரசீது மட்டும் வீடு தேடி வருகிறது. வரைபடத்தை இதுவரை ஒருவரும் கண்ணில் காட்டவில்லை.

பங்கு உறுப்பினர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்